சூரியன் வீட்டுப் பாகப் பிரிவினை

சூரியனைச் சுற்றிவரும் எட்டுக் கிரகங்களும் ஒரே திசையில் ஓடுகின்றன; ஏறக்குறைய ஒரே தளத்தில் ஓடுகின்றன. சூரியன் தன்னைத்தானே சுற்றிக்கொள்வதும் அதே திசையில்தான். எட்டுப் பேர் எட்டு ஊர்களிலிருந்து தனித்தனியே வந்து கூடியிருந்தால் இத்தனை ஒற்றுமை இராது. ஆகவே இவை ஒரு வயிற்றுப் பிள்ளைகளாகவே இருக்க வேண்டுமென்று வான சாஸ்திரிகள் வெகு காலத்துக்கு முன்பே ஊகித்தார்கள். எந்த வயிறு, எவ்விதப் பிரசவம் என்பதில்தான் இருநூறு வருஷம் வழக்கு நடந்தது. அது வெறும் ஏட்டு வழக்கு அன்று. பூமியைப் போன்ற உலகங்கள் வானமெங்கும் நிறைந்திருக்கின்றனவா, அல்லது நாம் ஓர் அபூர்வ விபத்தின் சந்ததியா என்ற கேள்விக்கு விடை அந்தத் தீர்ப்பில்தான் அடங்கியிருந்தது.

1749-இல் பிரெஞ்சு அறிஞர் பூபோன், ஒரு வால் நக்ஷத்திரம் சூரியன்மீது மோதிச் சிதறடித்த துண்டுகளே கிரகங்கள் என்றார். வால் நக்ஷத்திரம் சூரியனுக்கு முன் யானைமேல் மோதிய ஈ என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 1755-இல் ஜெர்மானியத் தத்துவ ஞானி காண்ட், பரந்து கிடந்த தூசிப் பொருள் தன் ஈர்ப்பினாலேயே திரண்டு சூரியனும் கிரகங்களும் ஆயிற்று என எழுதினார். பாவம், புஸ்தகத்தைப் போட்ட பிரசுரகர்த்தர் திவாலாகிவிட்டபடியால் அதைப் படித்தவர்கள் சிலரே. 1796-இல் பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ், சுழலும் வாயு மேகம் ஒன்று சுருங்கச் சுருங்க அதன் விளிம்பிலிருந்து வளையங்கள் பிரிந்து கிரகங்களாயின என்று ஏறக்குறைய அதே கருத்தை வெளியிட்டார். உலகம் அதைக் கைதட்டி ஏற்றுக்கொண்டது.

கணக்குப் பார்த்தபோதுதான் கோளாறு புலப்பட்டது. கைகளை விரித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றும் குழந்தை கைகளைச் சட்டென்று மடக்கினால் என்ன ஆகும்? சுற்றும் வேகம் அதிகரிக்கும். சுழற்சி என்பது ஒருவகைச் சொத்து. அது தானாக அழிவதில்லை, கை மாறத்தான் செய்யும். சுருங்கிய மேகத்தின் நடுவே உட்கார்ந்த சூரியன் சில மணி நேரத்துக்கு ஒரு சுற்று வீதம் பம்பரமாய்ச் சுழல வேண்டும். உண்மையிலோ அதன் நடுப்பகுதி ஒரு முறை சுற்ற 25 நாள் ஆகிறது! இந்தக் குடும்பத்தின் பொருளில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் சூரியனிடம் இருக்கிறது. சுழற்சிச் சொத்திலோ நூற்றுக்கு இரண்டு பங்குகூட அதனிடம் இல்லை. வியாழன் ஒருவனே ஏறக்குறைய 60 பங்கை வைத்துக்கொண்டிருக்கிறான். தகப்பன் வெறுங்கையுடன் நிற்க, பிள்ளைகள் சொத்தை அனுபவிக்கும் இந்த விநோதமான பாகப் பிரிவினையை லாப்லாஸின் சித்தாந்தத்தால் விளக்க முடியவில்லை.

ஆகவே வெளியாள் ஒருவனைத் தேடினார்கள். 1905-இல் அமெரிக்காவில் சேம்பர்லினும் மௌல்டனும், பின்பு இங்கிலாந்தில் ஜீன்ஸும் ஜெப்ரீஸும், வழிப்போக்கனான ஒரு நக்ஷத்திரம் சூரியனை நெருங்கிக் கடந்தபோது அதன் ஈர்ப்பு சூரியனிடமிருந்து பொருளை இழுத்துவிட்டது என்றார்கள். சுழற்சிச் சொத்தும் அந்த விருந்தாளி கொடுத்ததே. ஆனால் நக்ஷத்திரங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம்! நமக்கு அண்டை வீட்டு நக்ஷத்திரமே நாலு ஒளி வருஷத்துக்கு அப்பால் இருக்கிறது. இத்தகைய சந்திப்பு கோடியில் ஒன்றாகத்தான் நேரும். அப்படியானால் உயிர் வாழத்தக்க உலகம் வேறு எங்கும் இல்லை என்றே சொல்லலாம். ஜீன்ஸ் தம் நூல்களில் வர்ணித்த அந்தத் தனிமை, அக்காலத்தில் அநேகர் மனத்தில் ஓர் ஏக்கத்தை உண்டாக்கியது.

நல்ல வேளையாக அதுவும் நிலைக்கவில்லை. 1935-இல் ரஸ்ஸல், விருந்தாளி கொடுக்கும் சுழற்சி போதாது என்று காட்டினார். 1939-இல் ஸ்பிட்ஸர், சூரியனின் உள்ளிருந்து வெளிவரும் பொருள் லக்ஷக்கணக்கான டிகிரி உஷ்ணமுடையதாதலால் உருண்டு திரளாமல் வெடித்துக் கலைந்துவிடும் என்றார். 1942-இல் நம் நாட்டு அலகாபாத் கணித அறிஞர் ஏ. ஸி. பானர்ஜி, சூரியன் முன்பு துடிக்கும் நக்ஷத்திர வகையைச் சேர்ந்தது, அந்நிய நக்ஷத்திரம் நெருங்கியதால் துடிப்பு நிலை தவறிப் பொருளை வெளியே எறிந்தது என்று ஒரு புது வழி கூறினார். கெட்டிக்கார யோசனை, ஆனால் ஸ்பிட்ஸரின் ஆட்சேபத்துக்கு அதுவும் தப்பவில்லை என்பதே நம் அபிப்பிராயம்.

காண்டின் மேகம் மீண்டும் சபைக்கு வந்தது. 1944-ஐ ஒட்டி ஜெர்மனியில் வைத்ஸேக்கரும் மாஸ்கோவில் ஷ்மித்தும் அதைப் புதுப்பித்தார்கள்; தூசி திரண்டு கிரகமாகும் கணக்கை 1969-இல் ஸாப்ரோனோவ் விரிவாக எழுதினார். சொத்து மர்மமும் துலங்கிற்று. இளஞ்சூரியனின் காந்த சக்தி, சுற்றியிருந்த வாயுத் தட்டைப் பிடித்துக்கொண்டு பிரேக்குப் போல் வேலை செய்தது. சுழற்சியில் ஒரு பகுதி தட்டுக்குப் போயிற்று. இன்னொரு பகுதி சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் சூரியக் காற்றோடு போயிற்று. இளைய நக்ஷத்திரங்கள் வேகமாகவும் முதியவை மெதுவாகவும் சுழல்வதை இன்று நேரிலேயே பார்க்கிறார்கள்.

வேறு சாக்ஷிகளும் வந்துவிட்டன. 1969 பிப்ரவரியில் மெக்ஸிகோவில் அயெந்தே என்ற ஊருக்கு அருகே விழுந்த விண்கல்லினுள் இருக்கும் வெண்ணிறத் துணுக்குகளின் வயது சுமார் 456 கோடியே 70 லக்ஷம் வருஷம். குடும்பத்தில் முதன்முதல் உறைந்த பொருள் அதுவே. 2014-இல் சிலி நாட்டுப் பாலைவனத்து ரேடியோத் தொலைநோக்கிகள், சுமார் 450 ஒளி வருஷத்துக்கு அப்பால் ஓர் இளம் நக்ஷத்திரத்தையும், அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பிளந்திருக்கும் தூசித் தட்டையும் படமெடுத்தன. காண்ட் மனத்தால் கண்டதை நாம் கண்ணால் காண்கிறோம்.

வழக்கு முழுதும் தீர்ந்ததா? கூழாங்கல் அளவு திரண்டவை மோதி உடையாமல் மலையளவு வளர்ந்தது எப்படி என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. 1995-இல் மேயரும் கெலோஸும் கண்ட, சூரியனைப் போன்ற நக்ஷத்திரத்தைச் சுற்றும் முதல் அந்நியக் கிரகம் வேறொரு குழப்பத்தைக் கொண்டு வந்தது: வியாழனைப் போன்ற பெரிய கிரகம், தன் சூரியனுக்கு வெகு அருகில் நான்கே நாட்களில் ஒரு சுற்று முடிக்கிறது! பிறந்த இடத்திலேயே கிரகங்கள் இருந்துவிடுவதில்லை, குடிபெயர்வதும் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 2025-ஆம் வருஷத்துக்குள் இவ்விதம் உறுதிப்பட்ட அந்நியக் கிரகங்களின் தொகை 6,000-ஐத் தாண்டிவிட்டது.