செயின் நீளுமா?

அருப்புக்கோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னுடையது 150 சிசி பைக். வேலைக்குப் போய்வர வைத்திருக்கிறேன். செயின் இழுத்துவிட்டது, செட்டாக மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். இரும்பு எப்படி சார் இழுக்கும்? ரப்பரா அது?"

மெக்கானிக் சொன்னதும் சரி, உங்கள் சந்தேகமும் சரி.

எங்கள் பாட்டி வீட்டுக் கூடத்தில் இரும்புச் சங்கிலி போட்ட ஊஞ்சல் ஒன்று உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது எம்பி ஏற வேண்டியிருந்தது. பத்து வருஷம் கழித்து பலகை தாழ்ந்திருந்தது. நான் வளர்ந்துவிட்டேன் என்பது பாதிக் காரணம்தான். பாட்டியும் "ஊஞ்சல் எறங்கிப்போச்சு, காலு தரையில இடிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணிகளைத் தூக்கிப் பார்த்தால், ஒன்றோடொன்று உரசும் இடம் மட்டும் சுண்டுவிரல் நுழையும் பள்ளமாகத் தேய்ந்திருக்கும். இரும்பு நீளவில்லை. தேய்ந்த பள்ளத்தில் அடுத்த கண்ணி உட்கார்ந்ததால் மொத்த நீளம் கூடியிருந்தது.

உங்கள் பைக்கிலும் இதேதான் நடந்திருக்கிறது. 428 என்ற அளவுள்ள செயினில் ஒரு கண்ணியின் நடுவிலிருந்து அடுத்ததின் நடுவுக்கு 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். சுமார் 120 கண்ணிகள். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால், மொத்தத்தில் 12 மில்லிமீட்டர் நீளம். ஏறக்குறைய ஒரு கண்ணி கூடியதுபோல. நீண்ட செயின் பல்சக்கரத்தின் பள்ளத்தில் உட்காராமல் பல்லின் முதுகில் ஏறும். அதனால் பல்லும் அரிவாள் மூக்குபோல வளைந்து தேயும். செயினை மட்டும் மாற்றிவிட்டு, தேய்ந்த பல்சக்கரத்தை விட்டுவைத்தால் புது செயினையும் அது சீக்கிரம் தின்றுவிடும். மெக்கானிக் செட்டாக மாற்றச் சொல்வது காசு பிடுங்க இல்லை.

தேய்மானத்தை நீங்களே பார்க்கலாம். பின் பல்சக்கரத்தின் ஆகக் கடைசி ஓரத்தில், செயினை விரலால் பிடித்துப் பின்பக்கமாக இழுங்கள். பல்லை விட்டு அசையக் கூடாது. பல் பாதி தெரிகிற அளவுக்கு விலகி வந்தால் அந்த செயினின் காலம் முடிந்தது.

ஊஞ்சல் சங்கிலி தேய்ந்ததற்குக் காரணம், பாரம் முழுக்க ஒரு புள்ளியில் விழுந்தது. அந்தக் காலத்து எந்திரச் செயின்களுக்கும் இந்த நோய் இருந்தது. மெல்லிய தகட்டின் விளிம்பு, கண்ணிகளைக் கோக்கும் 'பின்' என்ற ஆணியை அறுத்துக்கொண்டே இருக்கும். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் செய்த ஹான்ஸ் ரெனால்டு 1880ல் இதற்கு வழி கண்டார். அந்தப் பின்னுக்கும், பல்சக்கரத்தின் மேல் உருளும் ரோலருக்கும் நடுவே புஷ் என்ற சின்னக் குழாயை வைத்தார். பாரம் விளிம்பிலிருந்து அகலமான பரப்புக்குப் பரவியது. இன்று அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் செய்யப்பட்டு வண்டி வண்டியாகப் போகும் செயின்களுக்குள் இருப்பது அந்தப் புஷ்தான்.

அதற்கு எவ்வளவு வேலை என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செயின் ஒரு நொடிக்கு மூன்று முறை முழுதாகச் சுற்றி வருகிறது. ஒரு சுற்றில் ஒவ்வொரு மூட்டும் இரண்டு முறை மடங்கி இரண்டு முறை நிமிர வேண்டும், ஆக நான்கு அசைவு. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒரே மூட்டு நாற்பதாயிரம் தடவைக்கு மேல் அசைந்திருக்கும். பாட்டியின் ஊஞ்சல் ஒரு நாள் முழுக்கக்கூட அவ்வளவு ஆடியிருக்காது.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். செயின் தொளதொளவென்று இருக்க வேண்டும்! நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு பட்டறையில் "நல்லா டைட்டா வைங்க" என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வீணைத் தந்திபோல விறைத்து நின்றது. மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, டேங்கின் மேல் ஒரு அரிசிச் சிப்பத்தோடு கீரனூர் தாண்டும்போது முன்பக்கத்தில் ஊளைபோல ஒரு சத்தம். மறு வாரம் முன் பல்சக்கரத்துக்குப் பின்னாலிருந்து ஆயில் கசிந்தது. பேரிங்கும் சீலும் போயிருந்தன.

காரணத்தை உங்கள் கையிலேயே பார்க்கலாம். முழங்கையைச் சற்று மடக்கி, தோளிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு நூலை விறைப்பாகக் கட்டச் சொல்லுங்கள். இப்போது கையை நீட்டுங்கள். நூல் அறுந்துவிடும். தோள்தான் முன் பல்சக்கரம், மணிக்கட்டு பின் ஆக்சில், முழங்கை, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் கீல். ஆள் ஏறாத வண்டியில் இந்த முழங்கை மடங்கியிருக்கும். இருவர் ஏறியதும் ஷாக் அப்சார்பர் அமுங்கி, மூன்றும் நேர்க்கோட்டுக்கு நெருங்கி வரும். தூரம் கூடும். அந்தக் கூடுதல் தூரத்துக்காக விடுவதுதான் தொய்வு. செயினின் கீழ் ஓட்டத்தின் நடுவில் விரலால் தூக்கினால் பெரும்பாலான 150 சிசி வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். உங்கள் வண்டிக்குச் சரியான அளவு கையேட்டில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, எங்கே அதிகம் விறைக்கிறதோ அங்கே அளந்து பாருங்கள்.

இவ்வளவு உழைக்கிற பொருளை நாம் நடத்துகிற விதம் இருக்கிறதே! எங்கள் தெருப் பையன்கள் முதலில் செய்வது செயின் கவரைக் கழற்றுவது. பழைய வண்டிகளில் முழு கவர் இருந்தது. உள்ளே பார்க்க ரப்பர் மூடி போட்ட ஓட்டைகூட உண்டு. தூசியும் மழைத்தண்ணீரும் அண்டாது. கவரோடு சேலை கார்டும் குப்பைக்குப் போகிறது. பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 1989ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123வது விதி சொல்கிறது. அழகு கெடுகிறதாம். அந்த அழகான வண்டியில் அம்மாவைத்தான் உட்கார வைத்துக் கோவிலுக்குக் கூட்டிப்போகிறார்கள்.

அடுத்தது, இன்ஜினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றுவது. அதில் இருப்பது கரியும் உலோகத் தூளும்; அதை மூட்டுக்குள் விடுவது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான். மண்ணெண்ணெயில் துடைத்து, காய விட்டு, 90ம் நம்பர் கியர் ஆயிலைக் கீழ் ஓட்டத்தின் உள்பக்கமாகச் சொட்டு விடுங்கள். செயின் வளைந்து சுற்றும்போது ஆயில் தானாக வெளிப்பக்கம் நகர்ந்து மூட்டுக்குள் போகும். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம். என் முதல் செயின், கவனிப்பில்லாமல், 14,000 கிலோமீட்டரில் போனது. இப்போது ஓடுவது 27,000ஐத் தாண்டிவிட்டது.

புது செயின் மாட்டும்போது செயின் லாக்கை மட்டும் நீங்களே ஒருமுறை பாருங்கள். மீன் வடிவக் கிளிப் அது. பிளந்த வால் பின்னாலும் மூடிய தலை செயின் ஓடும் திசையிலும் இருக்க வேண்டும். மாறிப்போனால் எங்காவது இடித்துக் கழன்றுவிடும்.

கடைசியாக ஒன்று. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் போட்டுச் செயினில் துணியைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். துணியைப் பல்சக்கரம் இழுத்தால் விரலும் கூடவே போய்விடும். தயவுசெய்து சாவியை எடுத்துப் பையில் போடுங்கள், நியூட்ரலில் வையுங்கள், சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள்.