பழுப்பேறிய டயல்: ஏலத்துக்கு வந்த ஒரு கடிகாரத்தை வாசித்தல்

1

2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏல நிறுவனம் ஒரு கைக்கடிகாரத்தை ஏலம் விட்டது. 1957ஆம் ஆண்டின் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். சாவி கொடுத்தால் ஓடுகிற எஃகுக் கடிகாரம். 80,000 முதல் 1,20,000 சுவிஸ் பிராங்க் வரை போகலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனது 31,15,500 பிராங்குக்கு. கருப்பு டயல் வெளிறிச் சீரான பழுப்பு நிறத்துக்கு வந்திருந்ததுதான் அதன் பெரிய கவர்ச்சி. சேகரிப்பாளர்கள் இதற்கு ‘டிராபிக்கல் டயல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாயம் போன சட்டையை நாம் கரித்துணியாக்குவோம். அங்கே சாயம் போனதுக்குத்தான் காசு.

2023இல் கதை தலைகீழானது. அது வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களைக் கோத்து உருவாக்கப்பட்டது, இதில் தன் முன்னாள் ஊழியர்கள் சிலருக்கும் பங்கு உண்டு என்று ஒமேகா நிறுவனமே அறிவித்தது. ஏலத்தில் அதை வாங்கியதும் ஒமேகாதான், தன் அருங்காட்சியகத்துக்காக.

இதை ஒரு மோசடிச் செய்தியாகப் படித்துவிட்டுப் போய்விடலாம். எனக்கு அதில் வேறொரு கேள்வி இருக்கிறது. மோசடி வெளியானதற்கு முந்தின நாளும் மறுநாளும் அந்தக் கடிகாரம் ஒரே மாதிரிதான் மணி காட்டியிருக்கும். முள் மாறவில்லை, பல்சக்கரம் மாறவில்லை. அதைப் பற்றிய சொல்லாடல் மட்டும் மாறியது. அப்படியானால் 31 லட்சம் பிராங்கை எதற்குக் கொடுத்தார்கள்?

2

மணி பார்க்க அல்ல என்பது நிச்சயம். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சைக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று அதன் விலை அதிகம். பிறகு குவார்ட்ஸ் மலிந்து தெருவுக்கு வந்தது. இன்று பிளாட்பாரத்தில் வாங்குகிற கடிகாரம் ஜெனீவா ஏலத்துக் கடிகாரத்தைவிடத் துல்லியமாக ஓடும். 1970 வாக்கில் சுமார் 90,000 பேருக்கு வேலை தந்த சுவிஸ் கடிகாரத் தொழில், எண்பதுகளின் நடுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிப்போனது. அவ்வளவு பேர் வேலையிழந்த பிறகு, பயன்மதிப்பை இழந்த கடிகாரம் ஆடம்பரப் பண்டமாக மறுபிறவி எடுத்தது.

இந்த மறுபிறவியில் விலை எதைச் சார்ந்திருக்கிறது? பட்டெக் பிலிப் நிறுவனம் 1941இல் கொண்டுவந்த 1518 என்ற மாடலைப் பாருங்கள். பெரும்பாலும் தங்கத்தில் செய்தார்கள். எஃகில் செய்தவை நான்குதான் அறியப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று 2016 நவம்பரில் அதே ஜெனீவாவில் 1,10,02,000 பிராங்குக்குப் போனது. தங்கத்தைவிட எஃகுக்குப் பல மடங்கு விலை! ‘நான்குதான்’ என்ற சொல்தான் அங்கே விற்கிறது. அந்தச் சொல்லுக்கு உத்தரவாதம் தருபவர்கள் யார்? கம்பெனியின் ஆவணக் காப்பகம், ஏல நிறுவனத்தின் நிபுணர், ஏலப் பட்டியலில் எழுதப்படும் வரலாறு. உண்மைக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை ஃபூக்கோவை வைத்து நிறையப் பேசியிருக்கிறோம். இதைவிடப் பச்சையான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

3

பல கைகளிலிருந்து வந்த பாகங்களைக் கோத்தது என்பது குற்றச்சாட்டு. ஆனால் அப்படிக் கோக்காத கடிகாரம் எது? ‘மூலதனம்’ முதல் தொகுதியில் வேலைப் பிரிவினையை விளக்க மார்க்ஸ் கடிகாரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார். ஸ்பிரிங் செய்பவர், டயல் செய்பவர், முள் செய்பவர், கல்லில் துளை போடுபவர், திருகு செய்பவர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஜூரா மலைப்பகுதியின் லா ஷோ த ஃபோன் ஊர் முழுவதையுமே ஒரே கடிகாரப் பட்டறையாகப் பார்க்கலாம் என்கிறார். 1872இல் அந்த ஜூராவுக்குப் போன குரோபோட்கின், கடிகாரத் தொழிலாளர்களோடு பேசிப் பழகி, அராஜகவாதியாகத் திரும்பினார். வேலை செய்துகொண்டே அரசியல் பேசிய கைகள் அவை.

மோசடிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஏமாற்றியது ஏமாற்றியதுதான். ஆனால் ‘அசல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், அதற்குள் கம்பெனியின் பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது, தேதி இருக்கிறது. செய்தவர் யாரும் இல்லை.

4

மறுபடி டயலுக்கு வருவோம். அந்தக் காலத்துக் கடிகாரங்களில் இருட்டில் ஒளிர்வதற்காக முள்ளிலும் குறிகளிலும் ரேடியம் கலந்த சாயம் பூசினார்கள். நம்மூரில் வண்டியில் ஒட்டுகிற பளபள ஸ்டிக்கரையும் ரேடியம் என்றுதான் சொல்கிறோம். அதில் ரேடியம் கிடையாது. டயலில் இருந்தது நிஜ ரேடியம். சாயத்தில் கலந்த துத்தநாக சல்பைடு சிதைவதால் சில பத்தாண்டுகளில் ஒளி அணைந்துபோகும். ரேடியம் போகாது, அது பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். ஒளி அணைந்து மஞ்சளும் பழுப்புமாகிவிட்ட அந்தப் பூச்சைச் சேகரிப்பாளர் தொடவிடமாட்டார். புதிதாகப் பூசினால் விலை விழும்.

அதைப் பூசியவர்கள் யார்? அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஆரஞ்ச் என்ற ஊரில், 1917 முதல் இளம்பெண்கள் இந்த வேலையைச் செய்தார்கள். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார்கள். ரேடியம் எலும்பில் போய் உட்கார்ந்தது. தாடை அழுகியது, பலர் செத்தார்கள். கிரேஸ் ஃபிரையர் உள்ளிட்ட ஐந்து பெண்கள் வழக்காடி 1928இல் இழப்பீடு வாங்கினார்கள். சுவிட்சர்லாந்தில் இந்த வேலையை வீட்டில் வைத்தும் செய்தார்கள். 2014இல் பீல் நகரில் ரேடியம் கழிவு கிடந்த செய்தி வெளியானது. 2015இல் அரசு ஒரு செயல்திட்டம் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைச் சோதித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களைச் சுத்தப்படுத்த வேண்டியிருந்தது. பூசியவர்கள் போய்ச் சேர்ந்த பிறகும் பூச்சின் மிச்சம் அந்த வீடுகளில் இருந்தது.

காலம் கடிகாரத்தின் மேல் விட்டுப்போன கறையை ஏலப் பட்டியல் வண்ணப்படத்தோடு வர்ணிக்கிறது. அதே வேலை அந்தப் பெண்களின் எலும்பில் விட்டுப்போன கறைக்குப் பட்டியலில் இடமில்லை. முன்பு கட்டியிருந்தவரின் பெயர் பட்டியலில் வந்தால் விலை ஏறும்; பூசியவரின் பெயரை யாரும் கேட்பதில்லை. ஆடம்பரப் பண்டங்களைப் பற்றி எழுதும் நண்பர்கள் இந்த இடத்திலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். ‘எத்தனை அரியது’ என்று பட்டியல் சொல்லும்போது, அதைச் செய்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நாம் கேட்கலாம்.