ஆட்டிசக் குழந்தைகளின் எதிரொலிப் பேச்சும் தமிழ் வினைமுற்றும்

நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அடுக்களை வாயிலில் நின்று, "முறுக்கு வேணுமா?" என்கிறான். தாய், "எனக்கு வேண்டாம்ப்பா" என்று விடையிறுத்துத் தம் வேலையைத் தொடர்கிறார். அவன் மீண்டும் மீண்டும் அதையே கூறுகிறான். பின்னர்த் தரையில் விழுந்து அழுகிறான். முறுக்கு வேண்டியிருந்தது அவனுக்கே. முறுக்குத் தரப்படும்போதெல்லாம் தன் காதில் விழுந்த தொடரை, முறுக்கைப் பெறுவதற்குரிய தொடராகவே அவன் கொண்டிருந்தான். வீட்டார் இதனைப் பிடிவாதம் என்றனர். நான் நேரில் கண்ட இந்நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

ஆட்டிசம் நரம்பு மண்டல வளர்ச்சியில் அமையும் ஒரு வேறுபாடு. வளர்ப்பு முறையால் வருவதன்று. பிறரோடு கருத்துப் பரிமாறுவதில் இடர்ப்பாடு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகுதியாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியன இதன் இயல்புகள். சில குழந்தைகள் பேசுவதே இல்லை. சிலர் சரளமாகப் பேசுவர். பேசும் குழந்தைகள் பலரிடம் எதிரொலிப் பேச்சு காணப்படுகிறது. லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, அவர்கள் மூவிடப்பெயர்களைக் கேட்டவாறே திருப்பிக் கூறுவதையும், அதனால் தம்மை 'நீ' என்று சுட்டுவதையும் குறித்துள்ளார்.

இதற்கு உளவியலார் சிலர் தந்த விளக்கம் பெருந்தீங்கு விளைத்தது. 'நான்' என்று கூறாத குழந்தை தன் இருப்பையே மறுக்கிறது என்றும், அதற்குக் காரணம் பெற்றோரின் அன்பின்மை என்றும் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதினார். தாய்மார் பலர் வீண்பழி சுமந்தனர். 1974இல் பார்ட்டாக், ரட்டர் ஆகிய இருவரும் இதனை எளியதொரு சோதனையால் ஆராய்ந்தனர். குழந்தைகள் தொடரின் இறுதிப் பகுதியையே மிகுதியும் எதிரொலித்தனர். ஆங்கிலத்தில் 'நான்' என்னும் சொல் பெரும்பாலும் தொடர் முதலில் வருவதால் அது விடுபட்டது. இறுதியில் வைத்துக் கூறியபோது அதனையும் அவர்கள் திருப்பிக் கூறினர். மனத்தின் மறுப்பு எனப்பட்டது சொல் நின்ற இடத்தின் விளைவாயிற்று.

இம்முடிவைத் தமிழுக்குப் பொருத்திக் காண்பது பயனுடையது. தமிழில் எழுவாய் பெரும்பாலும் தொக்கு நிற்கும். "தண்ணி குடிக்கிறியா?" என்பதில் 'நீ' என்னும் சொல்லே இல்லை, முன்னிலையை உணர்த்துவது வினைமுற்றின் விகுதி. அதனையடுத்து வினா இடைச்சொல் 'ஆ' வருகிறது. இரண்டும் தொடரின் இறுதியில், அதாவது எதிரொலி மிகுதியும் பற்றிக்கொள்ளும் இடத்தில், அமைகின்றன. எனவே, தமிழ்க் குழந்தையிடம் இட மாற்றத்தை 'நான்', 'நீ' என்னும் சொற்களில் தேடுவதினும் விகுதியில் தேடுவதே பொருந்தும் என்பது என் கருத்து. 'வேண்டும்' என்னும் வினையிலோ இட விகுதியும் இல்லை. ஆதலின் 'வேணுமா' என்னும் எதிரொலி இட மயக்கமாகத் தோன்றாமல் இயல்பான வினாவாகவே கேட்பவர்க்குத் தோன்றும். அடுக்களையில் நிகழ்ந்தது இதுவே.

மறுதலையாக, இயல்பானதைக் குறையெனக் கொள்ளும் இடரும் உண்டு. "பாப்பாவுக்கு வேணும்" என்று தன்னைப் பெயரால் சுட்டுவது தமிழ்க் குழந்தைகளிடம் பரவலாகக் காணப்படும் வழக்கு. தாயும் "அம்மா தரேன்" என்றே பேசுகிறார். (அங்கே எழுவாய் படர்க்கைச் சொல், வினைமுற்று தன்மை, குழந்தை இதனை எவ்வாறு கற்றுக்கொள்கிறது என்பது தனியே ஆராயத்தக்கது.) ஆகவே, பெயரால் தன்னைச் சுட்டுவதை மட்டும் கொண்டு எம்முடிவுக்கும் வருதல் கூடாது. மரியாதை வழக்கில் சிக்கல் மேலும் மிகும். தாத்தா வீட்டினுள் நுழையும்போதெல்லாம் "வாடா கண்ணா" என்பார். அவர் தலை தெரிந்ததும் அச்சிறுவனும் "வாடா கண்ணா" என்பான். தாத்தா மகிழ்ந்தார், ஏனையோர் மரியாதை தெரியாதவன் என்று கடிந்தனர். அவன் அறிந்த ஒரே வரவேற்பு அதுதான்.

இந்தியாவில் பயன்படும் ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலின் 40 கூறுகளில் எதிரொலிப் பேச்சும் மூவிடப்பெயர் மாற்றமும் இடம்பெற்றுள்ளன. இவற்றைத் தமிழில் பெற்றோரிடம் கேட்கும்போது, "நான் என்பதற்கு நீ என்கிறானா?" என்று மட்டும் வினவினால், "இல்லை" என்னும் விடையே வரக்கூடும். "வேண்டியதைக் கேள்வியாகக் கேட்கிறானா? சாப்பிடுறேன் என்பதற்குச் சாப்பிடுறியா என்கிறானா?" என்றும் வினவுதல் வேண்டும்.

எதிரொலி பொருளற்ற ஒலியன்று என்பதைப் பிரைசன்ட், டூக்கன் ஆகியோர் 1981இல் விளக்கினர். விடை கூறவும், வேண்டவும், தன் செயலை நெறிப்படுத்திக்கொள்ளவும் குழந்தை அதனைப் பயன்படுத்துகிறது. ஆதலின் அதனைத் தடுப்பதினும், எதிரொலித்தால் பொருந்தும் தொடரைத் தருவதே தக்கது. இதற்குத் தமிழ் அமைப்பு துணைசெய்கிறது. முறுக்கைக் காட்டி "வேணுமா?" என்னாமல் "முறுக்கு வேணும்" என்று கூறிக் கொடுத்தால், இட விகுதி இல்லாமையால் குழந்தை அதனை மாற்றாமலே திருப்பிக் கூறலாம். அச்சிறுவனின் தாய் அவ்வாறே கூறத் தொடங்கினார். சில வாரங்களுக்குப் பின் நான் சென்றபோது, அவன் அடுக்களை வாயிலில் நின்று "முறுக்கு வேணும்" என்றான். தோசைக்கு மட்டும் இன்னும் "தோசை வேணுமா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தான்.