சக்கரத்துக்குள் ரப்பர் எதற்கு?

மடத்துக்குளம் வழியாகப் பழனி செல்லும் சாலையில் பழைய புல்லட்டின் 'டப் டப்' ஓசையைக் கேட்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் பிறந்த இவ்வண்டிக்காக 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது.

இதன் என்ஜினில் ஒரே சிலிண்டர். கிராங்க் இருமுறை சுழன்றால் ஒருமுறைதான் எரிவாயு பிஸ்டனைத் தள்ளும். ஆகவே சங்கிலி விட்டுவிட்டு இழுக்கிறது. அந்த அதிர்ச்சியை ஏற்கவே, ஹப் எனப்படும் பின்சக்கரக் குடத்துக்குள் ரப்பர் கட்டைகள் உள்ளன. சங்கிலி இழுக்கும்போது இவை சற்றே அமுங்கி, பிறகு சக்கரத்தைத் தள்ளுகின்றன. நேரம் நீள்வதால் விசையின் உச்சம் குறைகிறது. பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுக்கிறோமே, அதே தத்துவம்! ரப்பர் நைந்தால் சங்கிலிக்கு அடி விழும்.

குடத்தை மீண்டும் பூட்டும்போது புது ரப்பர் எளிதில் நுழையாது. கிரீஸ் தடவலாமா? கூடாது! எண்ணெயில் இயற்கை ரப்பர் ஊறி உப்பி வலுவிழக்கும். சோப்பு நீர் தடவினால் வழுக்கி நுழையும்; பின் உலர்ந்துவிடும். பேரிங்குக்குக் கிரீஸ், ரப்பருக்குச் சோப்பு நீர்!