திறந்த நிரலுக்குக் காவல் யார்?



கணிப்பொறியை நாம் இயக்கியவுடன், அதன் உறுப்புகள் அனைத்தையும் தன் ஆளுகையின்கீழ்க் கொண்டு, பிற நிரல்களுக்கு வேலையைப் பகிர்ந்தளிக்கும் தலைமை நிரல் ஒன்று உண்டு. அதனை இயங்குதளம் என்கிறோம். எந்தக் கோப்பை எவர் திறக்கலாம், எதனை எவர் திருத்தலாம், எவர் படிக்க மட்டும் செய்யலாம் என்பவற்றையெல்லாம் முடிவு செய்வது அதுவே. ஆகவே இயங்குதளத்தில் ஒரு குறை நேருமாயின், அஃது ஓர் அறையின் தாழ்ப்பாள் பழுதுற்றதோடு ஒழியாது. ஊர்க்காவலனே உறங்கிவிட்டது போன்றதாகும்.

இயங்குதளங்கள் இருவகைப்படும். மூலநிரலை ஆக்கியோர் தமக்குள் மறைத்து வைத்திருப்பது ஒருவகை. மூலநிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை தந்திருப்பது மற்றொரு வகை. பின்னதைத் திறந்த மூல இயங்குதளம் என்பர். 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் 'குனூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-ஆம் ஆண்டில், பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' என்னும் கருநிரலை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்து வளர்ந்த இயங்குதளம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமும் லினக்ஸ் கருநிரலே. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இயங்குதளம், 'டெபியன்' என்னும் லினக்ஸ் தொகுப்பை அடியாகக் கொண்டது.

"நிரல் முழுவதும் திறந்து கிடக்கிறதே, திருட வருவோர்க்கு அது வசதியாகாதா?" என்று நீங்கள் வினவலாம். நல்ல வினாவே. இதற்கு விடை கணிப்பொறி தோன்றுவதற்கு முன்பே கிடைத்துவிட்டது. 1883-ஆம் ஆண்டில் ஒகுஸ்த் கெர்க்ஹோஃப்ஸ் என்னும் அறிஞர், படையினர் பயன்படுத்தும் மறைமொழி பற்றி எழுதுகையில் ஒரு நெறியை வகுத்தார். மறைமொழியின் அமைப்பு முழுவதும் பகைவர் கையிற் சிக்கினாலும், சாவி நம்மிடம் இருக்குமளவும் காப்புக் குலைதல் ஆகாது என்பது அதன் கருத்து. பூட்டின் அமைப்பை மறைத்து வைத்தால்தான் காப்பு என்றால், அது நல்ல பூட்டு ஆகாது.

இதற்கு எதிர்முனையில் வேறொரு கருத்தும் உலவுகின்றது. பலரும் நிரலைப் பார்ப்பதால் எந்தக் குறையும் நெடுநாள் மறைந்திருக்காது என்பதே அது. அமெரிக்கரான எரிக் ரேமண்ட் 1997-ஆம் ஆண்டில் படைத்த ஒரு கட்டுரையில் இதற்கு 'லினஸ் விதி' என்றே பெயரிட்டார். இவ்விதி எந்த அளவிற்கு உண்மை? குறைகள் எவ்வெவ் வகையில் தோன்றுகின்றன என்பதை ஐந்து மெய்யான நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்ந்தால் விடை தானே புலப்படும்.

முதல் வகை, எல்லை மீறல். தேர்வுத்தாளில் ஒரு விடைக்குப் பத்து வரி இடம் விடப்பட்டிருக்க, ஒரு மாணவன் பதினைந்து வரி எழுதுகிறான் எனக் கொள்வோம். மிஞ்சிய ஐந்து வரியும் அடுத்த விடைக்குரிய இடத்தின்மேல் ஏறிவிடும். கணிப்பொறியின் நினைவகத்திலும் இவ்வாறே நிகழ்வதுண்டு. 'சி' என்னும் மொழியில் எழுதிய நிரல்களில், ஒதுக்கிய இடத்திற்குள் எழுத்துகள் அடங்குமா என்பதை நிரலாளரே சரிபார்த்தல் வேண்டும். மொழி அதனைத் தானாகப் பார்ப்பதில்லை. சரிபார்க்கத் தவறினால், வழிந்த எழுத்துகள் அடுத்திருக்கும் தகவலை அழித்து, நிரலின் போக்கையே மாற்றக்கூடும்.

லினக்ஸில் 'சூடோ' என்றொரு சிறு நிரல் உண்டு. சாதாரணப் பயனர் ஒருவர்க்குத் தலைமை ஆட்சியரின் அதிகாரத்தைச் சிறிது நேரம் வழங்குவது அதன் வேலை. அதில் ஒரு பின்சாய்வுக்கோடு வந்தால், அடுத்து வேறோர் எழுத்து உறுதியாக வரும் என்று ஓரிடத்தில் எண்ணிவிட்டனர். கட்டளை அக்கோட்டோடு முடிந்தால், முடிவுக்குறியையும் தாண்டி நிரல் எழுத்துகளை அள்ளிக்கொண்டு போயிற்று. 2011-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நுழைந்த இக்குறையைக் குவாலிஸ் என்னும் நிறுவனத்தார் 2021 ஜனவரியில் வெளிப்படுத்தினர். ஏறத்தாழ 10 ஆண்டுகள், கடவுச்சொல் அறியாத எளிய பயனரும் தலைமை ஆட்சியராகும் வழி அதில் இருந்தது. இவ்வகைக் குறைகளுட் பெரும்பாலானவற்றை மொழியமைப்பிலேயே தடுக்கும் 'ரஸ்ட்' என்னும் புதிய மொழிக்கு, 2022 டிசம்பரில் வெளிவந்த 6.1 ஆம் பதிப்பு முதல் லினக்ஸ் கருநிரலில் இடம் தரப்பட்டுள்ளது.

இரண்டாம் வகை, செய்தியும் கட்டளையும் மயங்குதல். கடிதம் ஒன்றைப் படித்துக் காட்டுமாறு பணியாள் ஒருவனிடம் கொடுக்கிறோம். அதில் "பெட்டியைத் திற" என்று எழுதியிருக்கிறது. படித்துக் காட்ட வேண்டியவன் எழுந்து சென்று பெட்டியைத் திறந்துவிட்டால் என்னாகும்? 'பாஷ்' என்னும் கட்டளை நிரலில் நேர்ந்தது இதுவே. 1989-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட அந்நிரல், தன்னிடம் செய்தியாக ஒப்படைக்கப்பட்ட ஒன்றின் இறுதியில் கட்டளை ஒட்டியிருந்தால் அதனையும் நிறைவேற்றிவிடும். இணையதளங்களை நடத்தும் கணிப்பொறிகள் சில, வருவோர் அனுப்பும் செய்தியைப் பாஷ் நிரலிடம் ஒப்படைப்பதுண்டு. ஆதலால், எங்கோ இருக்கும் அயலான் ஒருவன் அக்கணிப்பொறியை ஏவல் கொள்ள முடிந்தது. ஸ்தெஃபான் ஷசெலா என்பார் கண்டறிந்த இக்குறை 2014 செப்டம்பர் 24 அன்று வெளியாயிற்று. அதன் வயது அப்போது 25 ஆண்டுகள்!

மூன்றாம் வகை, கணநேர இடைவெளியில் நுழைதல். படிக்க மட்டும் உரிமையுள்ள கோப்பு ஒன்றைப் பயனர் திருத்த முயன்றால், லினக்ஸ் அவர்க்கெனத் தனிப்படி ஒன்றை எடுத்துத் தரும், மூலம் மாறாது. ஆயின், படி எடுப்பதும் அதில் எழுதுவதும் இருவேறு செயல்கள். இரண்டிற்கும் இடைப்பட்ட கணத்தில் அப்படியைத் தூக்கி எறியுமாறு மற்றொரு கட்டளை வந்தால், எழுத வேண்டியது மூலத்தின்மேலேயே விழுந்துவிடும். ஒருமுறை முயன்றால் நேராது. இலட்சம் முறை முயன்றால் ஒருமுறை நேரும். கணிப்பொறிக்கு இலட்சம் முறை என்பது பெரிதன்று. 'டர்ட்டி கவ்' எனப் பெயர்பெற்ற இக்குறை 2007 முதல் கருநிரலில் இருந்தது. தம் கணிப்பொறியைத் தாக்கியோர் விட்டுச்சென்ற தடயத்தைக் கொண்டு பில் ஓஸ்டர் என்பார் இதனைக் கண்டார். 2016 அக்டோபரில் திருத்தம் வந்தது. இதே பழைய சிக்கலைப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே திருத்த முயன்றதையும், அத்திருத்தம் வேறொரு காரணத்தால் நீக்கப்பட்டதையும் டோர்வால்ட்ஸ் அப்போது குறித்துள்ளார். கண்ட குறையும் முற்றத் தீரும்வரை கண்காணிக்கப்படாவிடில் மீண்டும் தலைதூக்கும் என்பதற்கு இது சான்று.

நான்காம் வகை, ஊகிக்கத்தக்க சாவி. இணையத்தில் மறைவாகச் செய்தி அனுப்புவதற்குரிய சாவி என்பது எவராலும் ஊகிக்க இயலாத பேரெண் ஆகும். 2006-ஆம் ஆண்டில், டெபியன் தொகுப்பைப் பேணியவருள் ஒருவர், 'ஓப்பன் எஸ்எஸ்எல்' என்னும் நிரலில் சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டிய வரிகளை நீக்கினார். நீக்குமுன் அந்நிரலுக்குரிய குழுவில் கேட்கவும் செய்தார், தடுப்பார் இலர். ஆனால், அவ்வரிகளே எண்ணை ஊகிக்க இயலாததாக்கும் பகுதி. அவை நீங்கவே, ஒவ்வொரு வகைச் சாவிக்கும் 32,768-க்கு மேற்படாத எண்களே எஞ்சின. அத்தனையையும் ஒரு கணிப்பொறி சிறிது நேரத்தில் முயன்று பார்த்துவிடும். டெபியனை அடியாகக் கொண்ட உபுண்டுவிற்கும் இக்குறை பரவிற்று. 2008 மே 13 அன்று இது வெளியாகும்வரை, உண்டாக்கிய சாவிகள் நன்றாகவே வேலை செய்தன; பூட்டு பூட்டியது, திறந்தது. வேலை செய்கிறது என்பது பாதுகாப்பாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது.

ஐந்தாம் வகை மற்றவற்றினும் வேறானது. மேற்கண்ட நான்கும் கவனக்குறைவால் விளைந்தவை. இதுவோ திட்டமிட்ட சூழ்ச்சி. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்னும் நிரலைப் பல ஆண்டுகளாகத் தன்னார்வலர் ஒருவரே ஊதியமின்றிப் பேணிவந்தார். 2021 முதல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் அவருக்கு உதவ முன்வந்தார். வேலை மெதுவாக நடக்கிறதே என்று வேறு சில பெயர்களில் வந்த மடல்கள் பேணுநரை நெருக்கின. நாளடைவில் உதவ வந்தவர்க்கே பொறுப்பும் கிடைத்தது. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட இரு பதிப்புகளில், தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் புக உதவும் கள்ளவாயில் ஒன்றை அவர் புகுத்தினார். அதுவும் எல்லாரும் படிக்கும் மூலநிரலில் வெளிப்படையாக வைக்கவில்லை. சோதனைக்கென வைத்த, மனிதர் படிக்க இயலாத கோப்புகளில் சூழ்ச்சி நிரலை ஒளித்தார். அதனை வெளிக்கொணரும் கட்டளையை, விநியோகிக்கும் பொதியில் மட்டும் சேர்த்தார்.

அதனைக் கண்டவர் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர். அவர் கள்ளவாயிலைத் தேடிச் சென்றவர் அல்லர். வேறொரு சோதனையின்போது, கணிப்பொறிக்குள் நுழைவதற்கு வழக்கத்தினும் அரை நொடி கூடுதலாகிறது என்பதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விட்டுவிடவில்லை. ஏன் என்று கேட்டு, ஒவ்வொரு படியாக இறங்கிச் சென்று, காரணத்தைக் கண்டு, மார்ச் 29 அன்று உலகிற்கு அறிவித்தார். டெபியன், பெடோரா ஆகியவற்றின் சோதனைப் பதிப்புகளை எட்டியிருந்த அந்நஞ்சு, பெரும்பாலோர் பயன்படுத்தும் நிலைப்பதிப்புகளை அடையுமுன் தடுக்கப்பட்டது.

இனி ஒப்பிட்டுப் பாருங்கள். பாஷ் குறை 25 ஆண்டுகள். சூடோ குறை ஏறத்தாழ 10 ஆண்டுகள். கருநிரலின் குறை 9 ஆண்டுகள். டெபியன் சாவிக் குறை ஓராண்டும் சில திங்களும். ஆயின், அறிவும் பொறுமையும் கொண்டு மறைத்த கள்ளவாயிலோ ஐந்தாறு வாரங்களிலேயே வெளிப்பட்டது. காரணம் யாது? எல்லா நிரல்களும் ஒன்றுபோலவே திறந்திருந்தன. வேறுபாடு, ஒருவர் உற்றுப் பார்த்தார் என்பதே. நூலகத்தில் நூல் இருப்பதால் மட்டும் ஊரார் கற்றவராகிவிடுவதில்லை. திறந்திருத்தல் என்பது பார்ப்பதற்குரிய உரிமையைத் தருகிறது. பார்க்கும் உழைப்பை யாரேனும் ஒருவர் தந்தாக வேண்டும்.

இக்குறைகள் திறந்த நிரலுக்கே உரியன என்று எண்ணிவிட வேண்டா. 2017 மே மாதத்தில் 'வான்னாகிரை' என்னும் தீநிரல் விண்டோஸ் கணிப்பொறிகளைத் தாக்கிப் பல நாடுகளில் மருத்துவமனைகளையும் முடக்கியது. அக்குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. ஏற்றுக்கொள்ளாதோரே பெரிதும் துன்புற்றனர். திறந்த நிரலிலோ காலத்தாழ்வு இன்னும் தீது. திருத்தம் வெளியாகும்போது, எந்த வரி மாற்றப்பட்டது என்பதை எல்லாரும் காணலாம். அதனைப் பார்த்தே, முன்னர் ஓட்டை எங்கிருந்தது என்பதைத் தாக்குவோரும் அறிந்துகொள்வர். ஆகவே திருத்தம் வெளியாகும் நாளே ஓட்டை விளம்பரமாகும் நாளும் ஆகும்.

மாணவர்களாகிய நீங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. கணிப்பொறியும் கைப்பேசியும் திருத்தம் வந்துள்ளது என்று அறிவித்தால் நாள் கடத்தாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அன்றாட வேலைகளைத் தலைமை ஆட்சியர் கணக்கிலிருந்து செய்யாதீர்கள். சிறிய உரிமையுள்ள கணக்கில் நேரும் கேடும் சிறிதாகவே இருக்கும். நிரல்களை அவ்வத் தொகுப்பின் முறையான களஞ்சியத்திலிருந்தே பெறுங்கள். கல்லூரியில் கணிப்பொறியியல் பயில்வோர், நிரல் எழுதக் கற்பதோடு பிறர் எழுதிய நிரலைப் படிக்கவும் கற்றல் வேண்டும். குறை ஒன்று கண்டால் அதனைப் பெருமைக்காக ஊரறியப் பறைசாற்றாமல், முதலில் பேணுநர்க்குத் தனியே தெரிவித்து, திருத்துவதற்கு உரிய காலம் தருதலே முறை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். எக்ஸ்இசட் நிகழ்ச்சியில் பகைவர் முதலிற் கண்ட ஓட்டை நிரலில் இல்லை. துணையின்றி உழைத்த ஒருவரின் சோர்வில் இருந்தது. உலகின் பெருநிறுவனங்கள் பலவும் பயன்படுத்திய நிரலை ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் சுமந்துகொண்டிருந்தார். கேட்பாரின்றிக் கிடந்த அந்தச் சுமைக்குத் தோள் கொடுப்பவர் போலவே சூழ்ச்சி வந்தது. நல்லவர் நால்வர் முன்னரே அவருக்குத் துணை நின்றிருந்தால், தீயவர்க்கு அங்கே இடம் கிடைத்திருக்குமா? விலையின்றிக் கிடைப்பதைப் பயன்படுத்தும் நாம், அதனைப் பேணுவோர்க்குப் பொருளாலோ உழைப்பாலோ, செம்மையான ஒரு குறையறிக்கையாலோ துணைபுரிதல் கடமையாகும்.

திறந்த நிரலுக்குக் காவல் யார் என்று தொடக்கத்தில் வினவினோம். நிரலைப் படிக்க வல்லவர் அனைவரும் அக்காவலுக்கு உரியர். இன்று மேசைமுன் அமர்ந்து முதல் நிரலை எழுதிக்கொண்டிருக்கும் உங்களுள் சிலர், நாளை ஓர் அரை நொடித் தாமதத்தைக் கண்டு, ஏன் என்று கேட்பவராக வளர வேண்டும்.