குற்றம் வேறு, பொறுப்பு வேறு

பெண் இயல்பிலேயே அமைதியானவள், யுத்தம் ஆண்களின் வேலை என்று மேடைகளில் அடிக்கடி கேட்கின்றோம். எமது அனுபவம் இதனை ஏற்கவில்லை. 1987 ஒக்டோபர் 10 இல் கோப்பாயில் இந்தியப் படையுடனான மோதலில் இறந்த மாலதியைத் தொடர்ந்து எத்தனையோ பெண்கள் களத்தில் மாண்டனர். 1991 மே 21 இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டைச் சுமந்தவளும் ஒரு பெண்தான்.

இத்தகைய பெண்ணை எவ்வாறு மதிப்பிடுவது? 'மூளைச்சலவை செய்யப்பட்டவள்' என்றால் அவளுக்குச் சுயபுத்தி இல்லை என்றாகிறது. 'வீராங்கனை' என்று மட்டும் போற்றினால் அவளால் இறந்தவர்கள் மறக்கப்படுகின்றனர். விரும்பிச் சேர்ந்தவளையும், தாயின் கையிலிருந்து பறித்துச் செல்லப்பட்ட சிறுமியையும் ஒரே தராசில் நிறுப்பதும் நீதியன்று. தெரிவு செய்யும் சுதந்திரம் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தே பொறுப்பும் அமையும்.

நாஜிக் கொடுமைக்குத் தப்பிய யூத சிந்தனையாளர் ஹன்னா ஆரென்ட் இவ்விடயத்தில் ஒரு தெளிவைத் தருகிறார். குற்றம் செய்தவரையே சாரும்; அதை ஓர் இனத்தின் தலையில் கட்டக்கூடாது. ஆனால் நாம் சார்ந்த சமூகத்தின் பெயரால் நடந்தவற்றுக்கு முகங்கொடுக்கும் பொறுப்பு எம் அனைவருக்கும் உண்டு.

முதலாவதன் அருமை கொழும்புத் தமிழருக்குத் தெரியும். 2007 ஜூன் 7 இல் வெள்ளவத்தை உள்ளிட்ட இடங்களின் விடுதிகளிலிருந்து முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். தமிழராயிருந்ததே அவர்கள் செய்த குற்றம். மறுநாள் உயர் நீதிமன்றம் இந்நடவடிக்கைக்குத் தடை விதித்தது.

இரண்டாவது எமக்குக் கசப்பானது. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்களே. அதனைச் செய்தவர்கள் நாமல்லர். ஆயினும் அந்த அயலவளின் துயரை எமது கதையில் சேர்க்காது விடுவது நாம் செய்வதே.

யாழ் பல்கலைக்கழக விரிவுரையாளர் ராஜினி திராணகம இப்பொறுப்பை ஏற்றவர். அவர் இணைந்து எழுதிய 'முறிந்த பனை' அரச படையையோ, இந்தியப் படையையோ, இயக்கங்களையோ விட்டுவைக்கவில்லை. 1989 செப்டெம்பர் 21 இல், 35 வயதில், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அன்று பேசியவருக்கு உயிரே விலையாயிற்று. பயத்தால் மௌனித்த தாய்மாரை யாரும் குற்றவாளிகளாக்க முடியாது. ஆனால் சகோதரிகளே, காணாமற்போன எம் பிள்ளைகளுக்காக நீதி கேட்கும் நாம், எம்மவரால் பிள்ளையை இழந்த தாயின் குரலுக்கும் செவிசாய்க்க வேண்டாமா? அப்போதுதான் எமது கோரிக்கையும் முழுமை பெறும்.