கேபினா? கியூபிக்கிளா?

(மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு)



டிப்ளமோ முடித்து வேலைக்குப் போகிறவனிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவுப்பா?" என்பது. இரண்டாவது, "உட்கார்ந்து பார்க்கிற வேலையா?" என்பது. அதற்கும் "ஆமாம்" என்று சொல்லிவிட்டால் மூன்றாவதாக ஒன்று வரும். "தனி ரூம் கொடுப்பாங்களா?" எங்கள் குடும்பத்தில் படித்து வேலைக்குப் போகப்போகும் முதல் ஆள் நான்தான். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் படிப்பு முடியும் முன்பே வந்துவிட்டது. தனி அறை, கதவு, வாசலில் பெயர்ப் பலகை. நம் பெற்றோர் மனசில் உத்தியோகம் என்றால் இதுதான்.

ஆனால் பெரும்பாலான ஆபீஸ்களில் நமக்குக் கிடைக்கப்போவது மார்பளவு தடுப்புகளுக்கு நடுவே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு சுழல் நாற்காலி. இதற்குத்தான் கியூபிக்கிள் என்று பெயர். நாலு பக்கமும் அடைத்துக் கதவு போட்ட தனி அறையை நம் ஊரில் கேபின் என்கிறோம். இரண்டில் எது நல்லது? "இதில் என்ன சந்தேகம், கேபின்தான்!" என்று பட்டென்று சொல்லிவிடத் தோன்றும். விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

பெட்டி பிறந்த கதை

கியூபிக்கிளுக்கு முன்பே திறந்த கூடம் வந்துவிட்டது. 1906-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் லார்கின் என்ற சோப்புக் கம்பெனிக்காகக் கட்டடக்கலை மேதை ஃபிராங்க் லாய்ட் ரைட் ஒரு அலுவலகத்தைக் கட்டி முடித்தார். நடுவில் உச்சிவரை திறந்த பெரிய முற்றம், கண்ணாடிக் கூரை வழியே வெளிச்சம், கீழே வரிசை வரிசையாக மேசைகள். அதிகாரிகளும் அந்த முற்றத்திலேயேதான் உட்கார்ந்தார்கள். 1950-இல் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டாலும் கட்டடக்கலைப் புத்தகங்களில் அது இன்றும் நிற்கிறது.

அதே காலத்தில்தான் நாம் மேனேஜ்மென்ட் பாடத்தில் படிக்கும் எஃப். டபிள்யூ. டெய்லரின் கொள்கைகளும் பரவின. அவருடைய அறிவியல் மேலாண்மைப் புத்தகம் 1911-இல் வந்தது. வேலையைப் பிரி, நேரத்தை அள, மேற்பார்வை செய் என்பது அதன் சாரம். இரும்பாலைக்குச் சொன்னதை ஆபீசுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். குமாஸ்தாக்கள் கூடத்தில் வரிசையாக, மேலதிகாரிகள் ஓரத்து அறைகளில். தனி அறை என்பது பதவியின் அடையாளமாக ஆகிப்போனது இப்படித்தான்.

இந்த வரிசை மேசைகளைப் பார்த்து, "மனுஷன் யோசிப்பதற்கு இது ஏற்ற இடமில்லை" என்று கருதியவர் ராபர்ட் ப்ராப்ஸ்ட். ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்க மரச்சாமான் கம்பெனியில் ஆராய்ச்சி செய்துவந்தவர். 1964-இல் 'ஆக்‌ஷன் ஆபீஸ்' என்ற மேசைத் தொகுதியும், 1968-இல் அதன் இரண்டாவது வடிவமும் வெளிவந்தன. அந்த இரண்டாவது வடிவத்தில்தான் கழற்றி மாட்டும் தடுப்புகள் வந்தன. நின்றுகொண்டும் வேலை செய்யலாம். தடுப்பில் வரைபடங்களைக் குத்தி வைக்கலாம். தடுப்புகளை விரிகோணத்தில் திறந்து வைத்து, ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? தடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு எண்ணத்தை விட்டுவிட்டன! விரிகோணத்தைச் செங்கோணமாக்கி, ஒரே அளவுப் பெட்டிகளாக அடுக்கி, எத்தனை பேரை அடைக்க முடியுமோ அத்தனை பேரை அடைத்தன. 2000-இல் இறந்த ப்ராப்ஸ்ட், தன் கண்டுபிடிப்புக்கு நேர்ந்த கதியை நினைத்துக் கடைசிக் காலத்தில் நொந்துகொண்டார். கியூபிக்கிள் வாழ்க்கையைக் கிண்டல் செய்யும் 'டில்பர்ட்' கார்ட்டூன் 1989-இல் தொடங்கி உலகம் முழுக்க ஓடியதற்கும் இதுதான் காரணம்.

சுவர் கட்டடம், தடுப்பு மரச்சாமான்

கம்பெனிகளுக்குத் தடுப்பு மேல் ஏன் இவ்வளவு ஆசை? இடமும் சிமெண்டும் மிச்சம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. எஸ்டிமேட்டிங் பாடத்தில் படித்த தேய்மானத்தை இங்கே நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அமெரிக்க வருமான வரி விதிப்படி அலுவலகக் கட்டடத்தின் செலவை 39 ஆண்டுகளில்தான் கழிக்க முடியும். மரச்சாமான் என்றால் 7 ஆண்டு போதும். 7 லட்சம் டாலருக்குச் சுவர் வைத்தால் வருடத்துக்குச் சுமார் 18,000 டாலர்தான் கழியும். அதே தொகைக்குக் கழற்றி மாட்டும் தடுப்பு வாங்கினால் சராசரியாக வருடத்துக்கு 1 லட்சம் கழியும். பிறகு எந்த முதலாளி செங்கல்லைத் தேடுவார்?

ஆகவே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நமக்குக் கிடைக்கும் இடம் வேலைக்கு எது தேவை என்ற கேள்வியில் மட்டும் முடிவாவதில்லை. வாடகை, வரி, பதவி மூன்றும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன.

சத்தத்தின் கணக்கு

இனி நம் பாடத்துக்கு வருவோம். சாதாரணப் பேச்சு 1 மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல் இருக்கும். எதிரொலிக்க எதுவும் இல்லாத திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 54, 4 மீட்டரில் 48. ஆனால் ஆபீசுக்குள் கூரையும் சுவரும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இந்த அளவுகூடக் குறையாது.

நாலரை அங்குலச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு பூசியது, சுமார் 45 டெசிபல் அளவுக்கு ஒலியைத் தடுக்கும். காரணம் அதன் எடை. சுவர் கனமாக இருந்தால் ஒலியால் அதை அசைக்க முடியாது. கியூபிக்கிள் தடுப்புக்கு எடையும் கிடையாது, உயரமும் கிடையாது. பேச்சு அதன் மேல்விளிம்பில் வளைந்து வரும், கூரையில் மோதியும் வரும். பார்வையை மறைக்கும், பேச்சை மறைக்காது. "சுவருக்கும் காது உண்டு" என்பார்கள். தடுப்புக்குக் காது மட்டுமில்லை, வாயும் உண்டு!

2013-இல் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிம், டி டியர் என்ற இருவர், 40,000-க்கும் மேற்பட்ட அலுவலக ஊழியர்களின் பதில்களை அலசிப் பார்த்தார்கள். தனி அறைக்காரர்களே அதிகத் திருப்தியோடு இருந்தார்கள். இதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் என்னவென்றால், பேச்சுச் சத்தம் பற்றித் தடுப்பே இல்லாத கூடத்தில் இருந்தவர்களைவிடத் தடுப்புக்குள் இருந்தவர்களே அதிகம் குறைப்பட்டார்கள். எனக்குத் தோன்றும் காரணம் இது: ஆள் கண்ணுக்குத் தெரிந்தால் குரலைத் தாழ்த்துவோம். மறைந்தால், யாருமில்லை என்று நினைத்துப் பேசுவோம்.

கேபின் கிடைத்தவர்களும் ரொம்பச் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். இன்றைய கேபின்கள் பல, அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் வைத்து ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடுகின்றன. மேலே காங்கிரீட் ஸ்லாப் வரை அடைப்பு இல்லையென்றால் ஒலி சீலிங்குக்கு மேலே ஏறி அடுத்த அறையில் இறங்கும். கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தாலே போதும், நல்ல சுவரின் பயனில் பெரும்பகுதி வீண்.

ஆராய்ச்சிகள் சொல்வது

ஐபிஎம் நிறுவனம் கலிஃபோர்னியாவில் சாண்டா தெரசா என்ற இடத்தில் புரோகிராம் எழுதுபவர்களுக்காகக் கட்டிய ஆய்வுக்கூடத்தைப் பற்றி 1978-இல் ஒரு கட்டுரை வந்தது. அவர்கள் முதலில் வேலையைக் கவனித்தார்கள், பிறகு பிளான் போட்டார்கள். ஒரு ஆளுக்கு 100 சதுர அடி இடம், 30 சதுர அடி மேசைப் பரப்பு, சத்தம் வராத தடுப்பு என்று வகுத்தார்கள்.

1987-இல் டிமார்கோ, லிஸ்டர் என்ற இருவர் 'பீப்பிள்வேர்' என்ற புத்தகத்தில் தாங்கள் நடத்திய புரோகிராம் போட்டியின் முடிவுகளைத் தந்தார்கள். முதல் கால்பகுதியில் வந்தவர்களுக்குச் சராசரியாக 78 சதுர அடி இடம் இருந்தது. கடைசிக் கால்பகுதிக்கு 46 சதுர அடிதான். இடம் கொடுத்ததால் கெட்டிக்காரர் ஆனார்களா, கெட்டிக்காரர் என்பதால் இடம் கிடைத்ததா? இந்த முடிவை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. ஆனாலும் யோசிக்க வேண்டிய விஷயம்.

"தடுப்பையெல்லாம் எடுத்துவிட்டால் எல்லோரும் கலந்து பேசுவார்கள்" என்பது இன்னொரு கட்சி. ஹார்வர்டைச் சேர்ந்த பெர்ன்ஸ்டைன், டர்பன் இருவரும் இதை அளந்தே பார்த்தார்கள். கியூபிக்கிளிலிருந்து முழுக்கத் திறந்த கூடத்துக்கு மாறிய நிறுவனங்களில் முகம் பார்த்துப் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்துவிட்டது, மின்னஞ்சல் கூடிவிட்டது என்று 2018-இல் வெளியிட்டார்கள். எல்லோரும் பார்க்கும் இடத்தில் மனம்விட்டுப் பேச யாருக்குத்தான் தைரியம் வரும்?

ஒரு பொத்தான்

இந்தக் கட்டுரைக்காகப் படித்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது கிளாஸ், சிங்கர் என்ற அமெரிக்க உளவியலார் 1972-இல் புத்தகமாக வெளியிட்ட சோதனை. திடீர் திடீரென்று வரும் பெருஞ்சத்தத்தின் நடுவே ஆட்களை வேலை செய்யவைத்தார்கள். சிலரிடம் ஒரு பொத்தானைக் காட்டி, "அழுத்தினால் சத்தம் நிற்கும், ஆனால் முடிந்தவரை அழுத்தாதீர்கள்" என்றார்கள். பெரும்பாலோர் அழுத்தவே இல்லை. பிறகு புதிர்களும் பிழைதிருத்தும் வேலையும் கொடுத்தபோது, பொத்தான் இருந்தவர்கள் சலிக்காமல் அதிக நேரம் முயன்றார்கள், தவறும் குறைவாகச் செய்தார்கள். இரண்டு கூட்டமும் கேட்டது ஒரே சத்தம்தான்!

கேபின் ஆசாமிக்குக் கியூபிக்கிள் ஆசாமியைவிட அதிகமாக இருப்பதும் இந்தப் பொத்தான்தான் என்பது என் கருத்து. அதாவது, கதவு. மூடியே வைத்திருக்க வேண்டும் என்றில்லை. வேண்டும்போது மூடலாம் என்ற உரிமை இருந்தால் போதும். நம்மில் பலர் ஒரே அறை வீட்டில், டிவி சத்தத்துக்கும் தம்பி தங்கை சண்டைக்கும் நடுவில் படித்து வந்தவர்கள். "எங்களுக்கு எந்தச் சத்தமும் பழக்கம்தான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பழகியது உண்மை. ஆனால் எல்லோரும் தூங்கிய பிறகு ராத்திரி பதினொரு மணிக்குத்தானே கணக்குப் போட உட்கார்ந்தோம்? அந்த நேரம்தான் நமக்கு இருந்த ஒரே கதவு.

கேபினிலும் ஒரு நஷ்டம்

அப்படியானால் கேபினே உசத்தியா? கொஞ்சம் பொறுங்கள். எம்ஐடி-யின் தாமஸ் ஆலன், இன்ஜினியர்கள் யார் யாரிடம் எவ்வளவு பேசுகிறார்கள் என்று ஆராய்ந்து 1977-இல் வெளியிட்டார். மேசைகளுக்கு இடையே தூரம் கூடக்கூடப் பேச்சு வேகமாகக் குறைகிறது. 50 மீட்டரைத் தாண்டினால் வழக்கமாகப் பேசிக்கொள்வதே கிட்டத்தட்ட இல்லை.

புதிதாகச் சேருபவனுக்கு இது உயிர்நாடியான விஷயம். போன விடுமுறையில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் டிராயிங் செக்‌ஷனில் இன்பிளான்ட் டிரெய்னிங் இருந்தேன். பக்கத்துத் தடுப்பில் சீனியர் டிராஃப்ட்ஸ்மேன். சைட்டிலிருந்து போன் வந்தது. "பைப் போற இடத்திலெல்லாம் ஸ்லீவ் வெச்சாச்சா? காங்கிரீட் போட்டப்புறம் உடைக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றவர், போனை வைத்துவிட்டுத் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து, "தம்பி, கேட்டுக்கிட்டியா? எழுதி வெச்சுக்கோ" என்றார். எனக்குத் தனி கேபின் கொடுத்திருந்தால் இந்தப் பாடம் எனக்கு வந்து சேர்ந்திருக்காது. நம் வீடுகளில் இன்ஜினியர் அப்பாவோ அண்ணனோ கிடையாது. நமக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பது பக்கத்து மேசைதான்.

ஆனால் அதே சார், பார் பெண்டிங் ஷெட்யூல் சரிபார்க்கும்போது தாளை எடுத்துக்கொண்டு மீட்டிங் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கம்பி நீளத்தில் ஒரு எண் தவறினால் டன் கணக்கில் இரும்பு வீண். காதில் பேச்சு விழுந்துகொண்டிருந்தால் எண் தவறும்.

நாம் என்ன கேட்க வேண்டும்?

1. முதல் இரண்டு வருடம் கேபினுக்கு ஏங்காதீர்கள். அனுபவசாலி ஒருவரின் பக்கத்து இடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

2. கணக்கு, சரிபார்ப்பு போன்ற வேலைக்கு யாரும் முறைவைத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு மூடிய அறை உண்டா என்று கேளுங்கள். எனக்கென்று ஒரு அறை என்பதைவிட இது நியாயமான கோரிக்கை.

3. முதுகுப் பக்கம் வழி இருக்கும் இடத்தைத் தவிருங்கள். யார் வருகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பதிலேயே கவனம் போய்விடும்.

4. மூடிய அறை எதுவானாலும் கதவில் கண்ணாடி இருக்கட்டும். குறிப்பாக நம் தோழியர், தனியே உள்ளே பேசப் போகும் அறைக்கு இது அவசியம்.

5. நம் போனை வெளியே போய்ப் பேசுவோம். நம் குரலும் அடுத்தவருக்குச் சத்தம்தானே!

தோழர்களே, தோழியரே! கேபினோ கியூபிக்கிளோ, அதற்கு முதலில் பிளான் போடப்போகும் கை நம்முடையது. நாளை ஏதோ ஓர் ஆபீசில் ஆட்டோகேட் திரையில் தடுப்புக் கோடு இழுக்கும்போது, அந்தக் கோட்டுக்குள் யார் உட்காரப்போகிறார், என்ன வேலை செய்யப்போகிறார் என்று ஒரு நிமிஷம் யோசிப்போம். பெரிய அறையைப் பெரிய பதவிக்கு ஒதுக்கச் சொல்வார்கள், ஒதுக்கித்தான் ஆக வேண்டும். கூடவே ஓர் ஓரத்தில் பத்துக்குப் பத்தில் ஒரு சின்ன அறையை வரைந்து, சுவரை ஸ்லாப் வரை ஏற்றிக் காட்டி, "இது எல்லோருக்கும் பொது சார்" என்று எடுத்துச் சொல்லுவோம். பத்துத் தடவை சொன்னால் ஒரு தடவையாவது கேட்கமாட்டார்களா என்ன?